பதினோராவது வரி

மே மாதக் கடைசியில் நகராட்சியின் உறை வந்தது.
சமையலறை மேசையில் வைத்துக் கத்தியால் பிரித்தேன்.
பள்ளிக்கு ஒரு வரி, குப்பைக்கு ஒரு வரி,
மருத்துவமனைக்கு, சாக்கடைக்கு,
கொசு மருந்துக்குக்கூட ஒரு வரி.
பதினோராவது வரி, வட்டாரப் போக்குவரத்து:
நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
போன வருஷம் முந்நூற்று நாற்பது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வருவது ஒரே பஸ், நாற்பத்தேழு.
இரவு பத்தரைக்கு மேல் அதை நிறுத்தி
இரண்டு பனிக்காலம் ஆயிற்று.
கம்பம் நிற்கிறது.
கால அட்டவணை இருந்த கண்ணாடிச் சட்டத்துக்குள்
காணாமல்போன ஒரு பூனையின் படம்.

நான் செய்தது இவ்வளவுதான்:
தாளை நகலெடுத்தேன்,
பதினோராவது வரியில் மஞ்சள் மை பூசினேன்,
"இதனால் அக்டோபர் முதல் வாடகை
மாதம் நாற்பது டாலர் கூடும். மன்னிக்கவும். வால்ட்டர்"
என்று ஓரத்தில் எழுதிக்
கீழ்த்தளக் கதவின் இடுக்கில் தள்ளினேன்.

நவம்பரில் வட்டார அவையின் பட்ஜெட் கூட்டம்.
இருபத்து மூன்று மேயர்களுக்கு இருபத்து மூன்று நாற்காலி,
ஏழு காலி.
பேசுகிறவருக்கு மூன்று நிமிடம்,
பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு.
என் பையில் இரண்டு பக்கப் பேச்சு:
ஒரு காசுகூட இனி ஏற்றக் கூடாது.
மழைக்கோட்டின் ஈரம் நாற்காலியில் ஊற
என் முறைக்குக் காத்திருந்தேன்.

எனக்கு முன்னால் எழுந்தது ரோவெனா தகும்பை.
என் கீழ்த்தளத்தில் குடியிருப்பவள்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் நீலச் சட்டை,
கழற்ற நேரமில்லை போலும்.

"சொத்துவரி செலுத்துபவரா?" என்றார் எழுத்தர்,
படிவத்தில் ஒரு கட்டம் நிரம்ப வேண்டும் அவருக்கு.
அவள் பையிலிருந்து ஒரு தாளை விரித்தாள்.
மஞ்சள் பூசிய தாள்.
"இதில் என் பெயர் இல்லை," என்றாள்,
"என் பணம் இருக்கிறது."

பச்சை.
"என் வேலை பதினொன்று இருபதுக்கு முடியும்.
டாக்சிக்கு முப்பத்தொரு டாலர்.
நடந்தால் பாலத்தின் ஓரம், நடைபாதை கிடையாது,
லாரி போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
இந்த வரிக்குள் என் பஸ் எங்கே இருக்கிறது?"

நிதி அதிகாரி ஒலிவாங்கியை இழுத்தார்.
மாகாணம் தன் பங்கைத் தரவில்லை.
மாகாணம் ஒட்டாவாவைப் பார்க்கிறது.
ஒட்டாவா எங்கள் ஆய்வைக் கேட்கிறது.
ஆய்வுக்குத்தான் இந்த ஆண்டு ஒதுக்கியிருக்கிறோம்.

"ஆய்வு எத்தனை மணிக்கு வரும்?"

சிரித்தது பின்வரிசை மட்டும்.
மஞ்சள் விளக்கு. ஒரு மேயர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
"பதில் எழுத்தில் அனுப்பப்படும்."
சிவப்பு.

என் பெயரை அழைத்தார்கள், ஹ்ரிட்சாக்கை உடைத்து உடைத்து.
பேச்சை எடுத்தேன். முதல் வாக்கியத்தைப் பார்த்தேன்.
ஆறு வருஷத்துக்கு முன் பஸ்ஸுக்காக ஒரு வாக்கெடுப்பு வந்தது.
வேண்டாம் என்ற பலகையை
என் புல்வெளியில் ஊன்றியவன் நான்.
அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
"அவள் கேட்டதற்கு இப்போதே பதில் சொல்லுங்கள்,
என் மூன்று நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.
மூன்று நிமிடம் தாள் புரண்டது.
பச்சை, மஞ்சள், சிவப்பு.

திரும்பும்போது என் டிரக்கில் ஏறிக்கொண்டாள்.
பாலத்தில் துடைப்பான் மழையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.
அந்தக் கம்பி, அதன் பக்கத்தில்
ஓர் ஆள் ஒதுங்கவும் இடமில்லை;
இருபது வருஷம் ஓட்டியும் கண்ணில் பட்டதில்லை.

"வால்ட்டர்," என்றாள்,
"நானூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்று நாற்பது போனால் எழுபத்திரண்டு."
"ஆமாம்."
"பன்னிரண்டு மாதத்துக்கு வகுத்தால் ஆறு."

நாற்பத்தேழின் கம்பம் வந்தது, போனது.
பதில் எழுத்தில் என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்கு.